எட்டு சீசன் ஆடிய லீக்: கூட்டெனாய் மலை ஊர்களில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன். ஃபெர்னி

கனடாவின் கால்கரியிலிருந்து காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம், நானும் என் பதின்மூன்று வயது மகளும். வெளியே மைனஸ் 18. அவள் ஐஸ் ஹாக்கியில் கோலி, அதாவது கோல்கீப்பர். டிக்கியில் முக்கால்வாசி இடத்தை அவளுடைய கோலி பையே அடைத்துக்கொண்டது. மிச்ச இடத்தில் ஒரு தூக்கு நிறையப் புளியோதரை, ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி, சக்கரம் பனியில் மாட்டினால் வாரித் தள்ள ஒரு மண்வெட்டி. ஆசிரியர் மாநாட்டுக்காக வியாழனும் வெள்ளியும் பள்ளி லீவு, திங்கள் குடும்ப தினம். சேர்ந்தாற்போல் ஐந்து நாள் கிடைத்தது.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பக், ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கிற வட்டத் தட்டு. போன அக்டோபரில் பழைய விளையாட்டுச் சாமான் கடையில் மகளுக்குக் கால் பேட் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் பழைய பக்குகள். ஒன்றைக் கையிலெடுத்தேன். மூன்று அங்குல அகலம், ஓர் அங்குல கனம், கறுப்பு ரப்பர். விளிம்பில் சுவரில் அடிபட்ட வெள்ளைத் தழும்பு. மேலே அச்சு பாதி தேய்ந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது: ராக்கி மவுண்டன் ஜூனியர் ஹாக்கி லீக். பதினைந்து வருஷமாக இந்த நாட்டில் ஹாக்கி பார்க்கிறேன், இந்தப் பெயர் காதில் விழுந்ததே இல்லை. வாங்கி வந்து தேடிப் படித்தேன். 1991-இல் தொடங்கி 1999-இல் மூடிவிட்ட லீக். ஆடிய ஊர்களில் பாதி, நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஒரு நாள் கார் தூரம். போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

ஐஸ் ஹாக்கி பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கனடாவில் ஜூனியர் என்றால் பதினாறிலிருந்து இருபது வயதுவரை. அதில் உச்சத்தில் மேஜர் ஜூனியர், மேற்கில் அதற்குப் பெயர் வெஸ்டர்ன் ஹாக்கி லீக். என்.எச்.எல். என்ற உச்சத் தொழில்முறை லீக்கின் அணிகள் ஆள் பொறுக்குகிற முக்கியமான இடம் அது. அதற்குக் கீழே ஜூனியர் ஏ, அதற்கும் கீழே ஜூனியர் பி. மேஜர் ஜூனியரில் ஒரு ஆட்டம் ஆடினால்கூட அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கதவு சாத்திவிடும் என்பதுதான் அண்மைக்காலம் வரை விதி. ஜூனியர் ஏ ஆடினால் கதவு திறந்தே இருக்கும், ஸ்காலர்ஷிப்பில் படிக்கலாம். ஒரு மலையூர்க் குடும்பத்துக்கு ஏ என்ற ஒற்றை எழுத்தின் விலை என்னவென்று இதிலிருந்து தெரியும்.

மேற்கு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே, பிரின்ஸ் ஜார்ஜ், க்வெனெல், வில்லியம்ஸ் லேக் பக்கம், 1980-களில் பீஸ் கரிபூ லீக் என்று ஒரு ஜூனியர் ஏ லீக் நடந்துவந்தது. தென்கிழக்கு மூலையில் கூட்டெனாய் பள்ளத்தாக்குகளின் ஊர்கள் ஜூனியர் பி ஆடிக்கொண்டிருந்தன. 1991-இல் தெற்கின் ஊர்கள் சில ஏ-வுக்கு ஏற வேண்டும் என்று வடக்கோடு கைகோத்தன. லீக்குக்கு ராக்கி மவுண்டன் என்று புதுப்பெயர். பிறந்த கதை இவ்வளவுதான்.

லாங்வியூ தாண்டி 22-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, க்ரோஸ்நெஸ்ட் கணவாயில் மேற்கே திரும்பினால் ஃபிராங்க். 1903 ஏப்ரல் 29 அதிகாலையில் மலையே சரிந்து ஊரின் ஒரு பகுதியை மூடிய இடம். சாலைக்கு இரு பக்கமும் வீடு வீடாகப் பாறைகள். மகள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஃபெர்னிக்குப் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தோம். நிலக்கரி ஊர். 1902-இல் கோல் கிரீக் சுரங்க வெடிப்பில் 128 பேர் இறந்தார்கள். 1908-இல் ஊரே எரிந்துபோனது. பூர்வகுடித் தலைவர் ஒருவரின் மகளை ஏமாற்றி நிலக்கரி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டதால் வந்த சாபம் என்று ஊரில் ஒரு கதை. 1964-இல் பூர்வகுடிகளான க்டுனாக்ஸா மக்கள் வந்து சடங்கு செய்து அந்தச் சாபத்தை நீக்கினார்கள். கோடைகாலச் சாயங்காலங்களில் ஹோஸ்மர் மலைமுகத்தில் குதிரைமேல் ஒரு உருவமும் கூட ஓர் ஆளும் நடப்பதுபோல் நிழல் விழுமாம். அதனால்தான் இந்த ஊர் அணிக்கு கோஸ்ட்ரைடர்ஸ், பேய்க் குதிரைக்காரர்கள், என்று பெயர். பிப்ரவரியில் நிழல் ஏது? மலை முழுக்க மேகம்.

இந்த அணி 1991-இல் அந்த லீக்கோடு சேர்ந்து பிறந்தது. லீக் செத்தபிறகும் சாகவில்லை. எல்லை தாண்டி அமெரிக்க வெஸ்ட் லீக்கில் ஆடியது. அந்த லீக்கும் கரைந்து, 2003-04-இல் வட அமெரிக்க ஹாக்கி லீக் என்ற இன்னும் பெரியதில் ஒரு சீசன். டெக்ஸாஸ் அணிகள் இருந்த லீக் அது. ஆறாயிரம் பேர் உள்ள ஊர்! 2004-இல் பக்கத்து ஊர்களோடு ஆடும் கூட்டெனாய் லீக்குக்கு வந்தது. இன்றும் அங்கேதான் ஆடுகிறது.

சாயங்காலம் அரங்கத்துக்குப் போனோம். உள்ளே போகும்முன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். 2017 அக்டோபர் 17-ஆம் தேதி இதே அரங்கத்தில் அமோனியா கசிந்து மூன்று பேர் இறந்தார்கள். ஐஸ் ரிங்க் எப்படி வேலை செய்கிறது என்பது, பிள்ளையை ரிங்க்குக்கு அனுப்புகிற எனக்கே அந்தச் செய்தி வந்த பிறகுதான் தெரியும். அமோனியா நேராக ஐஸுக்கடியில் ஓடுவதில்லை. அது ஒரு தொட்டியில் உப்புக்கரைசலைக் குளிர்விக்கும். அந்தக் கரைசல் தரைக்கடியில் வரிவரியாகப் பதித்த குழாய்களில் ஓடி, மேலே ஊற்றிய தண்ணீரை உறைய வைக்கும். அன்றைக்கு அந்தத் தொட்டியின் குழாய் ஒன்றில், பற்றவைத்த தையலில் சின்ன ஓட்டை. அமோனியா கரைசலுக்குள் புகுந்துவிட்டது. பழைய தொட்டி. மாற்றியிருக்க வேண்டிய காலம் கடந்திருந்தது என்று விசாரணையில் தெரிந்தது.

இந்தச் சின்ன ஊர் ரிங்க்குகள் பெரும்பாலும் வயதானவை. ஒரு லீக்கைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கோலையும் கோப்பையையும் பேசுவார்கள். தரைக்கடியில் ஓடும் அந்தக் குழாய்களுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்த ஊர்களில் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே சின்னப் பிள்ளைகளின் பயிற்சி. ஐந்து வயது, ஆறு வயது. விழுவதும் எழுவதுமாக. நாங்கள் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். புளியோதரை நன்றாக ஊறியிருந்தது.

இரண்டாம் நாள், வெள்ளி. கிரான்புரூக்

ஃபெர்னியிலிருந்து ஒரு மணி நேரம்தான். எல்க் என்ற பெரிய மான்களின் கூட்டம் ஒன்று சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்தது. நின்று போட்டோ எடுத்தோம்.

கிரான்புரூக் கிழக்குக் கூட்டெனாயின் பெரிய ஊர், சுமார் இருபதாயிரம் பேர். ஸ்டீவ் ஐஸர்மன் பிறந்தது இங்கே. ஸ்காட், ராப் என்ற நீடர்மையர் சகோதரர்கள் வளர்ந்ததும் இங்கேதான். அந்த லீக்கின் முடிவைப் புரிந்துகொள்ள இந்த ஊரைப் பார்த்தால் போதும். அதனால் இன்றைக்கு நீளமாக எழுதுகிறேன்.

1991-இல் கிரான்புரூக் கோல்ட்ஸ் என்ற அணி ராக்கி மவுண்டன் லீக்கில் சேர்ந்தது. முதல் சில வருஷங்கள் லீக் நன்றாகவே நடந்திருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் ஊருக்கு ஊர் அணி. ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். பிரின்ஸ் ஜார்ஜுக்கும் கிரான்புரூக்குக்கும் நடுவே ஏறத்தாழ 900 கிலோமீட்டர், அதுவும் குளிர்காலத்தில், ராக்கி மலைகளின் ஊடாக. வடக்கும் தெற்கும் ஒரே லீக் என்று காகிதத்தில் எழுதலாம். பையன்கள் ஞாயிறு இரவு பஸ்ஸில் தூங்கித் திங்கள் காலை பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டுமே.

மாகாணத்தின் ஜூனியர் ஏ பட்டத்துக்கு மோவாட் கோப்பை என்று பெயர். இந்த லீக்கின் சாம்பியன் அதற்காகக் கடற்கரையும் ஒகனாகன் பள்ளத்தாக்கும் சேர்ந்த பெரிய பி.சி. (பிரிட்டிஷ் கொலம்பியா) லீக்கின் சாம்பியனோடு மோத வேண்டும். எட்டு சீசனில் ஒருமுறைகூடக் கோப்பை மலைக்கு வரவில்லை. வெர்னன் அணி 1996-லும் 1999-லும் நாட்டின் ஜூனியர் ஏ பட்டத்தையே வென்றது என்றால், எதிரே நின்றவர்கள் யார் என்று புரியும். தோற்றதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பையன்கள் ஆடியது நாட்டிலேயே பலமான அணிகளோடு.

தோல்வி இந்த லீக்கை முடிக்கவில்லை. கூட்டம் வராமல் போனதாலும் முடியவில்லை. நன்றாக ஆடியவர்கள் மேலே போனார்கள். 1995-இல் டிரெயில் ஸ்மோக் ஈட்டர்ஸ் பி.சி. லீக்குக்குப் போனது. அடுத்த வருஷமே வடக்கின் தூண்களான பிரின்ஸ் ஜார்ஜும் க்வெனெலும் போய்விட்டன. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அங்கே போட்டி பெரிது, ஆள் பொறுக்கப் பார்க்க வருகிற ஸ்கௌட்டுகளும் அதிகம். மூத்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பட்டணத்துக்கு வேலைக்குப் போனபிறகு, வீட்டில் விளக்கேற்ற ஆளில்லாமல் போகுமே, அந்த மாதிரி.

பிறகு 1998. எட்மன்டனில் இரண்டு வருஷம் ஆடிப் பார்த்துக் காலூன்ற முடியாத மேஜர் ஜூனியர் அணி ஒன்றை, அதன் உரிமையாளர் எட் சைனோவெத் கிரான்புரூக்குக்குக் கொண்டுவந்தார். அதுதான் கூட்டெனாய் ஐஸ். மாகாணத்தின் மூலையிலிருந்த ஒரு ஊருக்கு வெஸ்டர்ன் ஹாக்கி லீக்கே வந்து இறங்கியது. பெரிய ஆலமரம் வந்து நின்றபிறகு கீழே செடி பிழைக்குமா? கோல்ட்ஸ் அத்தோடு முடிந்தது. லீக்கின் மிகப்பெரிய தெற்கு ஊர் கையைவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியவை சின்ன ஊர்களின் சில அணிகள். இன்னும் ஒரே ஒரு சீசன், 1999-இல் லீக் மூடப்பட்டது.

ஐஸ் அணியின் கதையையும் சொல்லாமல் விடமுடியாது. வந்த இரண்டாவது சீசனிலேயே, 2000-இல், லீக் சாம்பியன். 2002-இல் மறுபடி சாம்பியன், அதோடு நில்லாமல் குவெல்ஃப் நகரில் கியூபெக் மாகாணத்து விக்டோரியாவிய்ல் ஊர் அணியை 6-3 என வென்று மெமோரியல் கோப்பை. கனடாவின் மேஜர் ஜூனியரில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. 2011-இல் மூன்றாவது பட்டம். அணி வந்த புதிதிலேயே ஊரில் புது அரங்கமும் எழுந்திருந்தது. அப்புறம் கூட்டம் குறைந்தது, 2017-இல் அணி கைமாறியது, 2019 ஜனவரியில் அறிவிப்பு வந்தது: சீசன் முடிந்ததும் வின்னிபெக் போகிறோம். போனார்கள். அங்கேயும் நிலைக்கவில்லை. 2023-இல் வாஷிங்டன் மாநிலத்தின் வெனாச்சி ஊருக்கு விற்றுவிட்டார்கள்.

ஐஸ் அணி 1998-இல் கோல்ட்ஸ் இருந்த இடத்தை எடுத்துக்கொண்டது, 2019-இல் அந்த இடத்தையும் வெற்றாக விட்டுவிட்டுப் போய்விட்டது. இதைத்தான் இன்று முழுக்க மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அதே அரங்கத்தில் கிரான்புரூக் பக்ஸ் (ஆண் மான்கள்) அணியின் ஆட்டம். ஐஸ் போனபிறகு வந்த அணி, ஜூனியர் ஏ, பி.சி. லீக். நாலாயிரத்துக்கு மேல் பேர் உட்காரும் அரங்கம். பாதி நிறைந்திருந்தாலும் சத்தம் முழுசாக இருந்தது. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர். அவருடைய உட்காரும் மெத்தை வீட்டில் தைத்தது. ஒரு பக்கம் பக்ஸ் பச்சை, மறுபக்கம் ஐஸ் அணியின் பழைய ஜெர்சித் துணி. என்னிடமிருந்த பழைய ரப்பர் பக்கைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கோல்ட்ஸ் ஆட்டத்துக்கு என் அண்ணன் பையனைப் பார்க்கப் போவேன். அங்கே ஆடுகிற எல்லாப் பையனையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். ஐஸ் வந்தபிறகு ஆட்டம் ஒரு படி மேலே போனது, சந்தேகமே இல்லை. பையன்கள்தான் வேறெங்கிருந்தோ வந்தார்கள்."

குறையாகச் சொல்லவில்லை அவர். 2002-இல் அவர்கள் கோப்பையோடு ஊர்வலம் வந்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. இரண்டு அணியின் மேலும் அவருக்குப் பாசம் இருந்தது. மெத்தையே அதைச் சொல்கிறது.

மூன்றாம் நாள், சனி. கிம்பர்லி

அரை மணி நேரப் பயணம். உயரமான ஊர், சுமார் எட்டாயிரம் பேர். நடுத்தெரு பவேரிய பாணி, பெரிய குக்கூ கடிகாரம். காசு போட்டால் மேலிருந்து பொம்மை வெளியே வந்து பாடுகிறது. மகள் மூன்று முறை காசு போட்டாள். சுரங்கம் ஒருநாள் மூடப்போகிறது என்று தெரிந்து, சுற்றுலாப் பயணிகளுக்காக ஊர் போட்டுக்கொண்ட வேஷம் அது. சல்லிவன் சுரங்கம் ஈயமும் துத்தநாகமும் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் தந்துவிட்டு 2001 டிசம்பரில் மூடியது.

இந்த ஊர் அணிக்கு டைனமைட்டர்ஸ் என்று பெயர். சுரங்கத்தில் வெடி வைக்கிறவர்கள். 1936-இல் இந்த ஊரின் சீனியர் அணி, கனடாவின் சீனியர் ஹாக்கிப் பட்டமான ஆலன் கோப்பையை வென்று, 1937-இல் லண்டன் போய், கனடாவின் பெயரில் உலக சாம்பியன் ஆனது. அப்போதெல்லாம் தேசிய அணி என்று தனியாகத் திரட்டமாட்டார்கள், ஏதாவது ஒரு ஊர்க் கிளப்பையே அனுப்புவார்கள். கம்பெனியில் வேலை, சாயங்காலம் ஹாக்கி. நல்லா ஆடுவான் என்பதற்காகவே சுரங்கத்தில் வேலை கொடுத்துக் கூட்டிவந்த காலம்.

நான் கோவில்பட்டிக்காரன். தீப்பெட்டி ஆபீசுக்கும் மில்லுக்கும் போகிற வீட்டுப் பையன்கள் ஹாக்கி மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன். அது புல் ஹாக்கி, இது ஐஸ் ஹாக்கி. ஷிஃப்ட் முடிந்த கை, மட்டையைப் பிடிக்கிற விதம் ஒன்றுதான் போலிருக்கிறது. சிவிக் சென்டர் அரங்கத்தின் சுவரில் பழைய அணிப் படங்கள். வரிசையாக நிற்கிற முகங்களைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்து நெஞ்சை அடைத்தது. மகளிடம் சொன்னேன். "அப்பா, நீங்களும் ஆடியிருக்கீங்களா?" என்றாள். ஆடவில்லை, பந்து பொறுக்கிப் போட்டிருக்கிறேன் என்றேன்.

ராத்திரி ஆட்டம், கூட்டெனாய் லீக். 1991-இல் டைனமைட்டர்ஸ் ராக்கி மவுண்டனுக்கு ஏறிய அணி. இப்போது திரும்ப வந்து, ஏறுவதற்கு முன் ஆடிய அதே லீக்கில் ஆடுகிறது. இடைவேளையில் கேன்டீன் வரிசையில் ஓர் அம்மா, அறுபத்தைந்து இருக்கும், பேச்சுக் கொடுத்தார். அவர் ஒரு பில்லெட் அம்மா. வெளியூரிலிருந்து ஆட வரும் பையன்களை ஊரில் யாராவது தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அறை, சாப்பாடு, துணி துவைக்க இடம், காய்ச்சல் வந்தால் கஷாயம் என்று எல்லாம். அதற்குத்தான் பில்லெட் என்கிறார்கள். கிளப் ஏதோ கொஞ்சம் கொடுக்கும். பதினேழு வயசுப் பையன் தின்கிற தீனிக்கு அது காணாது.

அவர் தொண்ணூறுகளிலிருந்தே வைத்திருக்கிறார். சமையலறைக் கதவு நிலையில் ஒவ்வொரு பையனின் உயரத்தையும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். தன் பிள்ளைகளுடைய கோடும் அதே நிலையில்தான். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அந்த நிலையை மட்டும் விட்டுவிடச் சொல்வாராம். லீக் மூடியபோது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"லீக் மூடியதைப் பேப்பரில் போட்டார்கள். பையன்கள் இன்னும் கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுகிறார்கள்."

ஹாட் சாக்லேட்டை வாங்கிக்கொண்டு அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். மூன்றாவது பீரியட் முழுக்க ஒரே ஒரு பையனைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். அவன் பெஞ்சுக்கு வரும்போதெல்லாம் அவர் தோள் தளர்ந்தது, உள்ளே போகும்போது நிமிர்ந்தது.

நான்காம் நாள், ஞாயிறு. கிரெஸ்டன் வழியாக டிரெயில்

இன்று சாலைதான். சுருக்கமாக எழுதுகிறேன்.

கிரெஸ்டன் பழத்தோட்ட ஊர், செர்ரியும் ஆப்பிளும். இப்போது மொட்டை மரங்கள். இதுவும் அந்த லீக்கில் ஆடிய ஊர். இன்று தண்டர் கேட்ஸ் என்ற பெயரில் கூட்டெனாய் லீக்கில். இந்த ஊரில் வருஷம் முழுக்கக் கடிகாரத்தைத் தொடமாட்டார்கள். நாங்கள் போன குளிர்காலத்தில் அது கிழக்கோடு ஒத்துப்போனது. கணவாயைத் தாண்டி மேற்கே இறங்கியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது.

கூட்டெனாய் கணவாய், உயரம் 1,775 மீட்டர். அக்டோபர் தொடங்கி ஏப்ரல் முடிய பனி டயர் இல்லாமல் ஏறக்கூடாது. பனிச்சரிவு அபாயம் வந்தால் சாலையை மூடிவிட்டு, தாங்களே வெடி வைத்துச் சரியவிட்டுத் துப்புரவு செய்தபிறகுதான் திறப்பார்கள். இன்று மூடியிருந்தது. அடிவாரத்தில் இரண்டேகால் மணி நேரம் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ், உள்ளே பள்ளி வயசுப் பையன்கள், ஏதோ ஹாக்கி அணி. டிரைவர் இறங்கி வந்து டயர்களைச் சுற்றி ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த சுக்குக் காபியை அவருக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு இன்னொரு மூடி கேட்டார்.

முப்பது வருஷமாக ஓட்டுகிறாராம். ஆட்டத்துக்குப் பிறகு ராத்திரி பதினொன்றுக்கு இந்த மலையேறும்போது பின்னால் அத்தனை பையன்களும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கண்ணாடியில் பார்த்தால் தலைகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், வளைவில் எல்லாம் சேர்ந்து மறுபக்கம் சாயும். "அந்த நேரத்தில் எனக்குக் கை நடுங்கக் கூடாது," என்றார். இங்கே ஒரு லீக்கின் எல்லை எதுவரை என்பதை இவர் மாதிரி ஆட்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கூட்டெனாய் லீக் இன்றும் நடப்பதற்குப் பெரிய காரணம், பெரும்பாலான ஆட்டங்களுக்கு அன்றைக்கே போய் அன்றைக்கே வீடு திரும்பலாம் என்பதுதான் என நினைக்கிறேன்.

டிரெயிலுக்கு இருட்டில் வந்தோம். கொலம்பியா ஆற்றுக்கு மேலே குன்றின்மேல் உருக்காலை முழுக்க விளக்கு.

ஐந்தாம் நாள், திங்கள். டிரெயில்

காலையில் ஜன்னலைத் திறந்தால் அந்தப் புகைபோக்கிகள்தான் முதலில். கிம்பர்லியின் சல்லிவன் சுரங்கத்து ஈயமும் துத்தநாகமும் ரயிலில் இங்கேதான் வந்து உருகின. இரண்டு ஊரும் ஒரே கம்பெனியின் இரண்டு கைகள். இந்தப் புகை எல்லை தாண்டி வாஷிங்டன் மாநிலத்து வயல்களைக் கெடுத்த வழக்கு, 1941-இல் தீர்ப்பாகி, உலகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம்.

அணியின் பெயர் ஸ்மோக் ஈட்டர்ஸ், புகை தின்பவர்கள். உருக்காலையால் வந்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஊரில் சொல்லும் கதை வேறு. வெகுகாலத்துக்கு முன் வான்கூவரில் ஒரு ஆட்டத்தில், கோபத்தில் யாரோ ரசிகர் தன் புகைக்குழாயை ஐஸின்மேல் வீச, டிரெயில் ஆட்டக்காரர் ஒருவர் அதை எடுத்து வாயில் வைத்து இழுத்தபடியே ஸ்கேட் செய்தாராம். மறுநாள் பத்திரிகை வைத்த பெயர்.

1939-இல் சுவிட்சர்லாந்தில் உலக சாம்பியன். 1961-இல் ஜெனீவாவில் சோவியத் அணியை 5-1 என வென்று மறுபடி. கோலி சேத் மார்ட்டின், பக்கத்து ராஸ்லாந்தில் பிறந்தவர். அதற்குப் பிறகு கனடா உலக சாம்பியன் ஆக 1994 வரை, முப்பத்து மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை கடைசியாக வென்றவர்கள் என்ற பெயர் சுமார் எட்டாயிரம் பேர் உள்ள இந்த ஊர்க்காரர்களுக்குத்தான்.

நினைவு மையத்தில் இருக்கிறது கோமின்கோ அரங்கம், 1949-இல் கட்டியது. மகளின் கண் முழுக்க சேத் மார்ட்டின் படத்தின் மேலேயே இருந்தது. முகக்கவசம் தானே செய்து போட்டவர், ஐரோப்பாவில் பெரிய பெயர், பிற்பாடு ஒரு சீசன் என்.எச்.எல். ஆடியவர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் "கையுறையைப் பாருங்கப்பா, எவ்வளவு சின்னது" என்றாள். அவளுடையது அதைப்போல் ஒன்றரை மடங்கு.

1995-இல் ராக்கி மவுண்டன் லீக்கைவிட்டு மேலே ஏறியது இந்த ஊர். இன்றும் பி.சி. லீக்கில் ஆடுகிறது. 2023-இல் அந்த லீக்கே, நாட்டின் ஹாக்கித் தலைமை அமைப்பான ஹாக்கி கனடாவிலிருந்து வெளியேறித் தனியாக நிற்கிறது. பெரிய ஊர்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர், இத்தனை வருஷமாக. இங்கே வருவதற்கு முன், விட்டுவிட்டுப் போனவர்கள் என்று மனதில் ஒரு வருத்தம் வைத்திருந்தேன். அரங்கத்தின் உள்ளே போனதும் அது கரைந்துவிட்டது. இத்தனை கொடிகளுக்குக் கீழே நிற்கிற ஊரிடம், கொஞ்சம் கீழேயே இருங்கள் என்று யார் சொல்ல முடியும்? அப்படிச் சொல்லியிருந்தாலும் 1998-இல் கிரான்புரூக்கில் நடந்தது நடந்திருக்கும். லீக் போய்விட்டது. நான் பார்த்த ஐந்து ஊரிலும் ரிங்க் இருக்கிறது, ஐந்திலும் அணி இருக்கிறது. ஒவ்வொரு ஊரும் தன்னால் முடிந்த தூரத்துக்குள் ஆடுகிறது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

சின்ன மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் பக்கைக் கொடுத்தேன், இங்கே வைத்துக்கொள்கிறீர்களா என்று. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளைகிட்டே இருக்கட்டும்" என்று மகள் கையில் கொடுத்துவிட்டார்.

குடும்ப தினம் என்பதால் பத்து மணிக்கு எல்லோருக்கும் ஐஸ் திறந்துவிட்டார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அப்பா, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பழகும் பிள்ளைகள், ஜோடியாக இரண்டு கிழவர்கள். ஐஸை வழித்துத் தண்ணீர் விடுகிற ஸாம்போனி வண்டி இப்போதுதான் போயிருந்தது. தண்ணீர் பளபளவென்று உறைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டுக்கு நாங்கள் கிளம்பியாக வேண்டும், கால்கரி 600 கிலோமீட்டருக்கு மேல், கணவாயை மறுபடி தாண்ட வேண்டும். நான் கம்பியைப் பிடித்தபடி ஓரமாகவே நின்றேன்.

மகள் இரண்டு சுற்று வந்தாள். பிறகு கோல் கம்பம் இல்லாத கோல் இடத்துக்குப் போய், நீலமாக வரைந்த அந்த அரைவட்டத்துக்குள் நின்று, இடமும் வலமுமாகக் காலைத் தேய்த்தாள். ஆட்டம் தொடங்கும்முன் கோலிகள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், வழுக்காமல் பிடிமானம் கிடைக்க. புது ஐஸ் வெள்ளையாகப் பொடிந்து அவள் பூட்ஸைச் சுற்றிக் குவிந்தது.